இருநூறு பார்

பரிசோதனைக் கூடத்தில் ஒரு சிலிண்டரைத் துப்பாக்கியால் சுடுகிறார்கள். காலி சிலிண்டரை அல்ல, முழு அழுத்தத்தில் வாயு நிரப்பிய சிலிண்டரை. 7.62 மில்லிமீட்டர் விட்டமுள்ள, கவசத்தைத் துளைக்கும் வகைத் தோட்டா அதன் பக்கச் சுவரில் பாய்கிறது. தோட்டா துளைக்கலாம், வாயு சீறிக்கொண்டு வெளியேறலாம். சிலிண்டர் மட்டும் சிதறக் கூடாது. சிதறினால் அந்த வடிவமைப்புக்கு அனுமதி கிடையாது. வண்டிகளில் இயற்கை எரிவாயுவைச் சுமக்கும் கலன்களுக்கான ஐஎஸ்ஓ 11439 என்ற சர்வதேசத் தரவிதி சொல்லும் சோதனைகளில் இதுவும் ஒன்று. இது போக, அடியில் தீ மூட்டி வாட்டுவார்கள். ஆயிரக்கணக்கான முறை அழுத்தத்தை ஏற்றி இறக்குவார்கள். தண்ணீரை ஏற்றி, வெடிக்கும்வரை அழுத்திப் பார்ப்பார்கள். 200 பார் அழுத்தத்தில் வேலை செய்ய வேண்டிய எஃகு சிலிண்டர் 450 பாரைத் தொடுவதற்கு முன் வெடித்துவிட்டால் அதோடு சரி.

பெட்ரோல் டேங்கை யாரும் துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்பதில்லை. அது மெல்லிய தகடு, இந்நாளில் பெரும்பாலும் பிளாஸ்டிக்.

இந்த வித்தியாசத்தை வைத்து இரண்டு பக்கமும் வாதாடலாம். இவ்வளவு சோதித்த பிறகுதானே வண்டியில் ஏற்றுகிறார்கள், பிறகென்ன பயம் என்பது ஒரு பக்கம். இவ்வளவு சோதனை தேவைப்படுகிற ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டா பயணம் போவது என்பது மறுபக்கம். சிஎன்ஜி என்று நாம் சொல்லும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவில் எரியும் ஆபத்து ஒன்று, வெடிக்கும் ஆபத்து ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. பேச்சில் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது, இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனின் குணத்தைப் பொறுத்தது; அந்த வகையில் மீத்தேன் பெட்ரோலைவிடச் சாது. இரண்டாவதற்கும் மீத்தேன் எரிவதற்கும் சம்பந்தமே இல்லை. எரியவே எரியாத நைட்ரஜனை அதே சிலிண்டரில் அதே அழுத்தத்தில் அடைத்தாலும் அந்த ஆபத்து அப்படியே இருக்கும்.

200 பார் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு. சிலிண்டரின் உட்சுவரில் கட்டைவிரல் நக அளவுள்ள ஒவ்வோர் இடத்தையும் 200 கிலோ எடை தள்ளிக்கொண்டே இருக்கிறது, இரவும் பகலும், வண்டி ஓடினாலும் நின்றாலும். கார்களில் வரும் 60 லிட்டர் சிலிண்டர் சுமப்பது சுமார் 10 கிலோ வாயு. அந்தப் பத்துக் கிலோவைக் கட்டிப்போட ஏறத்தாழ 60 கிலோ எஃகு தேவைப்படுகிறது. அந்த எஃகு ஒரே கணத்தில் பிளந்தால், ஒரு துளி வாயுகூடத் தீப்பற்றாமலே வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால், அரைக் கிலோ டிஎன்டி வெடிமருந்துக்குச் சற்று மேலே வருகிறது.

இவ்வளவு அழுத்தம் எதற்கு? நம் அடுக்களையிலும்தான் சிலிண்டர் இருக்கிறது. அதில் 14.2 கிலோ வாயு அடங்கியிருக்கிறது. அதன் அழுத்தமோ வெயிலைப் பொறுத்து 5, 6 பார், மிஞ்சினால் எட்டுப் பத்து.

பதிலுக்கு 19-ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். லண்டனில் மைக்கேல் ஃபாரடே கிடைத்த வாயுக்களையெல்லாம் அழுத்தியும் குளிரவைத்தும் திரவமாக்கிப் பார்த்தார். பல வாயுக்கள் பணிந்தன. ஆறு மட்டும் அசையவில்லை: ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, மீத்தேன். இவற்றுக்கு ‘நிரந்தர வாயுக்கள்’ என்றே பெயர் வந்தது. காரணத்தைக் கண்டவர் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பேராசிரியராக இருந்த தாமஸ் ஆண்ட்ரூஸ். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வெப்பநிலை வரம்பு உண்டு. அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது என்று கரியமில வாயுவை வைத்து 1869-இல் காட்டினார். மாறுநிலை வெப்பநிலை என்று பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்தது இதைத்தான்.

அடுக்களை சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். புரொப்பேனின் வரம்பு 97 டிகிரி செல்சியஸ். பியூட்டேனுக்கு அதைவிட அதிகம். சென்னை வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் அந்த வரம்பை எட்டாது. ஆகவே லேசாக அழுத்தினாலே எல்பிஜி திரவமாகி அடியில் படுத்துக்கொள்கிறது. மீத்தேனின் வரம்பு பூஜ்யத்துக்குக் கீழே 82 டிகிரி. பூமியில் மனிதர்கள் வாழும் எந்த ஊரிலும் மீத்தேனை வெறுமனே அழுத்தித் திரவமாக்க முடியாது. வாயுவாகவே வைத்து நெருக்குவதுதான் வழி. நெருக்கு என்றால் நூறு, இருநூறு பார். வண்டிக்காரருக்கு 200 பார் தலைவலியைத் தந்தது மீத்தேன் மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள பலவீனமான ஈர்ப்பு. சென்னை ஆட்டோக்களில் பல வருடங்களாக ஓடும் எல்பிஜியையும் அண்மையில் வந்த சிஎன்ஜியையும் ‘கேஸ் வண்டி’ என்று ஒரே பேரில் அழைத்தாலும், டிக்கிக்குள் இருப்பவை இரண்டும் வேறு வேறு ஜாதி.

இந்த இரண்டு வாயுக்களின் வித்தியாசம் கசியும்போது இன்னொரு வடிவம் எடுக்கிறது.

மீத்தேன் மூலக்கூறின் எடை 16. காற்றின் சராசரி 29. புரொப்பேன் 44, பியூட்டேன் 58. மீத்தேன் மேலே போகும். எல்பிஜி தரையில் தவழும். 2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளத்தின் கண்ணூருக்கு அருகே சாலா என்ற இடத்தில் எல்பிஜி ஏற்றிவந்த டேங்கர் லாரி கவிழ்ந்தது. கசிந்த வாயு தரையோடு தரையாகப் பரவி, சாலையோரத்து வீடுகளுக்குள் புகுந்து தீப்பிடித்தது. 20 பேர் இறந்தார்கள். திறந்த வெளியில் அதே அளவு மீத்தேன் கசிந்திருந்தால் பெரும்பகுதி மேலேறிக் கலைந்திருக்கும். சிதறிய பெட்ரோல் தரையில் குட்டையாகத் தேங்கும், சாக்கடையில் ஓடும், அதன் ஆவியும் தாழ்வாகவே நிற்கும். விபத்தில் சிக்கிய காருக்கடியில் தேங்கி நின்று எரிய மீத்தேனால் முடியாது.

அடுத்து, காற்றில் எவ்வளவு கலந்தால் பற்றும் என்ற கணக்கு. மீத்தேனுக்கு 5 முதல் 15 சதவீதம்வரை. பெட்ரோல் ஆவி ஒன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும், புரொப்பேனுக்கு இரண்டு. அதாவது மீத்தேன் எரிவதற்கு மற்றவற்றைவிடக் கூடுதலாகக் கசிந்து சேர வேண்டும். தானாகப் பற்றும் வெப்பநிலையிலும் மீத்தேன்தான் உயரம்: ஏறத்தாழ 540 டிகிரி. பெட்ரோலுக்கு 250-ஐ ஒட்டி. சூடான இன்ஜின் பாகத்தின்மேல் பட்டதும் தீப்பிடிக்கும் வாய்ப்பு மீத்தேனுக்குக் குறைவு.

சிஎன்ஜி விற்பவர்களின் விளம்பரத் தாள்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். அந்த 540 டிகிரியைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. தீ சூடான பரப்பால் மட்டும் தொடங்குவதில்லை, பொறியாலும் தொடங்கும். மீத்தேனும் காற்றும் சரியான விகிதத்தில் கலந்திருந்தால் அதைப் பற்றவைக்க கால் மில்லிஜூல் அளவு பொறி போதும். பெட்ரோல் ஆவிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். செயற்கை இழைச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கதவுப் பிடியைத் தொடும்போது சுரீரென்று ஒரு அதிர்ச்சி அடிக்குமே, அதில் இருப்பதே அதைவிடப் பல மடங்கு. பொறி என்று வந்துவிட்டால் மீத்தேனுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. பங்க்கில் கைபேசி, சிகரெட் எல்லாம் வேண்டாம் என்பது சிஎன்ஜிக்கும் அப்படியே பொருந்தும்.

மேலே போகும் குணமும் மேலே வழி இருந்தால்தான் உதவும். மூடிய கொட்டகையில் அது கூரைக்கடியில் போய்ச் சேரும். சிஎன்ஜி பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பணிமனைகளின் கூரை உச்சியில் காற்றுப்போக்கி வைப்பதும், கூரையோரம் இருக்கும் மின்விளக்கையும் சுவிட்சையும் கவனித்துப் பொருத்துவதும் அதனால்தான். எல்பிஜிக்கு வைக்கும் கசிவு உணரி தரைக்கருகே. சிஎன்ஜிக்கு வைப்பது கூரைக்கருகே. டீசல் பணிமனையாக இருந்த இடத்தை அப்படியே சிஎன்ஜிக்கு மாற்றினால் எல்லாமே தலைகீழாகும்.

மீத்தேன் காற்றைவிட லேசு என்பதும் சாதாரண வெப்பநிலையில் மட்டும் உண்மை. −162 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கிய எல்என்ஜியிலிருந்து எழும் ஆவி, குளிரால் அடர்ந்து, காற்றைவிடக் கனமாக இருக்கும். சுமார் −110 டிகிரிக்கு மேல் சூடேறிய பிறகே அது மேலே எழும். 1944 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் எல்என்ஜி தொட்டி ஒன்று பிளந்தது. அவ்வளவு குளிரில் நொறுங்கிப்போகக்கூடிய குறைந்த நிக்கல் எஃகால் செய்த தொட்டி. குளிர்ந்த மீத்தேன் தெருவில் வழிந்து பாதாளச் சாக்கடைக்குள் இறங்கித் தீப்பற்றியதில் 130 பேர் மாண்டார்கள். எல்என்ஜியில் ஓடும் கனரக லாரிகள் இந்தியச் சாலைகளுக்கும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வேறு பாதுகாப்பு விதிகள் இருப்பதன் நியாயம் இதுதான்.

வாசனையையும் சொல்லிவிட வேண்டும். மீத்தேனுக்கு மணமே கிடையாது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில், எண்ணெய் வயலிலிருந்து இழுத்த இயற்கை வாயு தரைத்தளத்துக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் நிறைந்தது. ஒரு மின்கருவியின் பொறி போதுமானதாக இருந்தது. ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்தார்கள். அதன் பிறகே டெக்சாஸ் வாயுவில் நாற்றம் கலப்பதைச் சட்டமாக்கியது. அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த மெர்காப்டன் நாற்றம், எரியக்கூடிய குறைந்தபட்ச அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு கசிந்தாலே மூக்கில் ஏற வேண்டும் என்பது பரவலான கணக்கு. வண்டிக்குள் அந்த நாற்றம் வந்தால் தீப்பிடிக்கும் எல்லைக்கு இன்னும் தூரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் ஜன்னலைத் திறந்து, இன்ஜினை நிறுத்தி, சிலிண்டர் வால்வை மூடிவிட்டு இறங்கிவிட வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கேள்விகளெல்லாம் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தது டெல்லியில். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லிப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. கெடு வந்தபோது பேருந்துகளும் தயாராக இல்லை, வாயுவும் போதவில்லை. பங்க்குகளில் கிலோமீட்டர்க் கணக்கில் வரிசை. அந்த நேரத்தில் சில சிஎன்ஜி பேருந்துகள் தீப்பிடித்தன. எரியும் பேருந்தின் படம் நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தால் வாதம் முடிந்த மாதிரிதான். சிஎன்ஜியே ஆபத்து, சுத்தமான டீசலே போதும் என்ற குரல் வலுத்தது. கந்தகம் குறைந்த டீசலைப் பரிந்துரைத்தவர்களில் டெரி ஆய்வு நிறுவனமும் இருந்தது. சிஎன்ஜிக்காகப் போராடிய அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், வெளிநாட்டு நிபுணர்களை வரவழைத்து டெல்லிப் பேருந்துகளைச் சோதிக்கச் செய்தது. பொருத்திய வேலையின் தரமும் அதைச் சோதிக்கும் ஏற்பாடும் சரியில்லை என்பதே அதிலிருந்து கிடைத்த விடை.

நெருக்கடி கொடுத்துச் செய்த மாற்றத்தில் அது நடக்கக்கூடியதுதான். சிலிண்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் எஃகுக் குழாய் 200 பாரில் நிற்கிறது. வளைவு சரியில்லாமல் போட்ட குழாய் அதிரும். பிடிப்பு கம்மியான இணைப்பு தளரும். மின்கம்பி உரசினால் உறை தேயும். ஒரு பேருந்துக்குச் சில மணி நேரம் என்று அவசரமாக வேலை முடித்தால் மீத்தேனின் நற்குணங்கள் என்ன செய்ய முடியும்?

நீதிமன்றம் அசைந்து கொடுக்கவில்லை. 2002 ஏப்ரல் 5-இல் வந்த தீர்ப்பில், ஓடிக்கொண்டிருந்த டீசல் பேருந்துகளுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய், முப்பது நாட்களுக்குப் பிறகு 1,000 ரூபாய் என்று அபராதம் விதித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் டெல்லியின் நகரப் பேருந்துகள் மாறி முடித்தன. அதே சிஎன்ஜிதான், அதே 200 பார்தான். தொழிற்சாலையிலேயே சிஎன்ஜிக்கென்று கட்டிய பேருந்துகளும் முறையான சோதனையும் வந்த பிறகு தீ பற்றிய கூச்சல் அடங்கியது. சென்னைக்கு வாயு தரும் எண்ணூர் எல்என்ஜி முனையம் 2019-இல் வந்தது. 2024-இல் தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பழைய டீசல் பேருந்துகளில் சிலவற்றை சிஎன்ஜிக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கத் தொடங்கின. கெடு வைத்து யாரும் கழுத்தைப் பிடிக்காத நிலையில் இதைச் செய்ய முடிகிறது என்பது தமிழகத்துக்கு ஒரு வசதி.

சரி, சிலிண்டர் உண்மையிலேயே வெடித்ததே இல்லையா? வெடித்திருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பது பொதுவாகப் பயப்படுவதைவிடப் பயனுள்ளது.

முதல் எதிரி துரு. 2016 செப்டம்பரில் ஜெர்மனியின் டுடர்ஷ்டட் நகரில் ஒரு ஃபோக்ஸ்வாகன் டூரான் காரின் சிலிண்டர் பங்க்கில் வாயு நிரப்பும்போதே வெடித்தது. ஓட்டுநருக்குப் பலத்த காயம். வெளிப்பூச்சு உரிந்து, துரு ஏறி, எஃகு மெலிந்திருந்தது. ஜெர்மனியில் சில நிறுவனங்கள் சிஎன்ஜி விற்பனையையே தற்காலிகமாக நிறுத்தின. காருக்கு அடியில் சேறும் உப்பும் படும் இடத்தில் சிலிண்டரை மாட்டினால் வரும் வினை இது. துரு உள்ளிருந்தும் வரலாம். ஈரமும் கரியமில வாயுவும் கலந்த மீத்தேன் எஃகை அரிக்கும். 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அதன் வேரும் உலர்ந்த வாயுவுக்கான குழாயில் ஈரமான வாயு ஓடி அரித்ததில்தான் இருந்தது. வண்டிக்கு விற்கும் வாயுவை உலர்த்தித் தருவதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. அழுத்திக் கொடுப்பதைப் போலவே அதுவும் முக்கியமான வேலை.

சிஎன்ஜி நிரப்பும்போது எல்லோரும் வண்டியைவிட்டு இறங்க வேண்டும் என்று பங்க்கில் சொல்கிறார்கள். மழையில், கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் பலவீனமான சிலிண்டர் எப்போது பிளக்கும் என்று யோசித்தால் பதில் எளிது: அழுத்தம் உச்சத்தை எட்டும் நேரத்தில். சாலையில் ஓடும்போது அழுத்தம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். ஏறுவது பங்க்கில் மட்டும். டுடர்ஷ்டட்டில் நடந்ததும் அப்போதுதான்.

இரண்டாவது எதிரி வெளித்தீ. வேறெங்கோ தொடங்கிய தீ சிலிண்டரை வாட்டினால் உள்ளே அழுத்தம் ஏறும், சுவரும் வலுவிழக்கும். அதற்காகவே வால்வில் ஓர் உருகும் அடைப்பு வைத்திருக்கிறார்கள். நூறு டிகிரியைத் தாண்டிச் சற்றே சூடேறியதும் அது உருகி வாயுவை வெளியே விட்டுவிடும். வெடிப்பதற்குப் பதில் வாயு கொழுந்துவிட்டு எரிந்து தீரும். ஏற்பாடு நல்லதுதான், அடைப்பு இருக்கும் முனையில் தீ பட்டால். 2007 மார்ச்சில் சியாட்டில் நகரில் நிறுத்தியிருந்த கார்களுக்கு யாரோ தீ வைத்தார்கள். அவற்றில் ஒரு ஹோண்டா சிவிக் சிஎன்ஜி கார். தீ சிலிண்டரின் ஒரு பகுதியை மட்டும் வாட்டியது. அடைப்பு இருந்த முனைக்குச் சூடு போய்ச் சேருவதற்குள், தீயணைப்பு வீரர்கள் நெருங்கும் நேரத்தில், சிலிண்டர் வெடித்தது. துண்டுகள் 100 அடி தூரம்வரை பறந்தன. யாரும் சாகவில்லை என்பது அதிர்ஷ்டம். இழை சுற்றிய இலகுரக சிலிண்டர்களில் இந்தச் சிக்கல் கூடுதல். எஃகு வெப்பத்தை நீளவாக்கில் கடத்தும். கார்பன் இழையும் பிசினும் அந்த அளவுக்குக் கடத்தாது. எடை குறைப்பதற்குக் கொடுக்கும் விலை.

அடைப்பு சரியாக வேலை செய்தாலும் கதை முடிவதில்லை. 2012 அக்டோபர் 29 அன்று நெதர்லாந்தின் வாசனார் ஊரில் ஒரு சிஎன்ஜி பேருந்து இன்ஜின் பகுதியில் தீப்பிடித்தது. பயணிகள் இறங்கிவிட்டார்கள். கூரைமேல் இருந்த சிலிண்டர்களின் அடைப்புகள் உருகி, வாயு வெளியேறி, எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் வெளியேறிய துளைகள் பக்கவாட்டில் பார்த்திருந்தன. 15, 20 மீட்டர் நீளத்துக்குத் தீநாக்குகள் சாலையின் குறுக்கே படுக்கையாகப் பாய்ந்தன. பாதுகாப்புக் கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்து தெருவையே தீயால் துடைத்தது. வாயுவை வானத்தைப் பார்த்து விட்டிருக்க வேண்டும் என்று சொல்ல அதன்பிறகு நிபுணர் தேவையில்லை. ஆனால் அதை அதுவரை யாரும் கட்டாயப்படுத்தியிருக்கவில்லை.

மூன்றாவது எதிரி களைப்பு. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் சிலிண்டர் கண்ணுக்குத் தெரியாத அளவு உப்புகிறது, காலியாகும்போது சுருங்குகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் ஒடிவதுபோல, எஃகும் ஆயிரக்கணக்கான உப்பல்களுக்குப் பிறகு நுண்ணிய விரிசல் காணும். நல்ல வடிவமைப்பில் அந்த விரிசல் சுவரைத் துளைத்துக் கசியத் தொடங்கும், முழுதாகப் பிளக்காது. தொடக்கத்தில் சொன்ன தோட்டாச் சோதனை இந்தக் குணத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறது: உடைந்தால் ஒழுகு, சிதறாதே.

இந்த மூன்று எதிரிகளில் துருவையும் களைப்பையும் முன்கூட்டியே பிடிக்கலாம். இந்திய விதிப்படி வண்டியில் இருக்கும் சிஎன்ஜி சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழற்றி ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அளவுக்கு ஏற்றி, எவ்வளவு விரிகிறது, விட்டதும் எவ்வளவு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று அளப்பார்கள். திரும்பாத பங்கு அதிகமென்றால் எஃகு தளர்ந்துவிட்டது. வாயு இருக்க, ஏன் தண்ணீர்? தண்ணீர் அழுத்தினால் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். ஆகவே அதில் ஆற்றலும் சேர்வதில்லை. 60 லிட்டர் தண்ணீரை 300 பாருக்கு ஏற்றினாலும் அதில் சேரும் ஆற்றல், 200 பார் வாயுவில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சோதனையில் சிலிண்டர் பிளந்தால் தண்ணீர் சொட்டும், சுவர் பறக்காது. மலிவான, எளிய, நூற்றாண்டுப் பழமையுள்ள உத்தி. சிஎன்ஜி பாதுகாப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மிகவும் கவலை தருவதும் இதுதான், ஏனென்றால் இதை வண்டிக்காரர் தானாக முன்வந்து செய்ய வேண்டும்.

அர்ஜென்டினாவில் 1980-களின் நடுவிலிருந்து வண்டிகள் சிஎன்ஜியில் ஓடுகின்றன. 15 லட்சத்துக்கும் மேற்பட்டவை. அங்கே வருடாந்திரப் பரிசோதனை முடிந்ததும் முன்கண்ணாடியில் ஓப்லேயா என்ற வில்லையை ஒட்டுவார்கள். செல்லுபடியாகும் வில்லை இல்லாத வண்டிக்கு பங்க்கில் வாயு நிரப்பக் கூடாது. காவலரைத் தெருத்தெருவாக அனுப்பத் தேவையில்லை; வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பங்க்குக்கு வந்தே தீர வேண்டிய வண்டி தானாக மாட்டும். நம்மிடமும் இதற்குச் சமமான ஏற்பாடு எழுத்தில் இருக்கிறது: நிரப்பும் துளைக்கருகே ஒரு தகடு, அதில் சிலிண்டர் எண், கடைசியாகச் சோதித்த தேதி, அடுத்த தேதி. தேதி கடந்திருந்தால் நிரப்பக் கூடாது. நீண்ட வரிசையில் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டிகள் நிற்கும்போது, குனிந்து அந்தத் தேதியைப் படித்து, “டெஸ்ட்டிங் முடிஞ்சுபோச்சு, நிரப்ப மாட்டேன் சார்” என்று சொல்லும் துணிச்சலை ஒரு பங்க் ஊழியரிடம் எதிர்பார்க்கிறோம். அந்த ஊழியருக்குப் பின்னால் அவருடைய முதலாளி நிற்க வேண்டும். அர்ஜென்டினாவுக்கும் நமக்கும் இயற்பியலில் எந்த வித்தியாசமும் இல்லை.

பழியும் பல நேரம் இடம் மாறிப்போகிறது. 2013 மே மாதம் பாகிஸ்தானின் குஜ்ராத் நகருக்கு அருகே ஒரு பள்ளி வேன் எரிந்து 17 பேர் இறந்தார்கள், ஏறக்குறைய எல்லோரும் குழந்தைகள். சிஎன்ஜி சிலிண்டர் வெடித்தது என்று முதலில் செய்தி பரவியது. வாயுவிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றும்போது எழுந்த பொறியும் கசிந்த பெட்ரோலுமே காரணம் என்று பிறகு காவல்துறை சொன்னது. இரண்டு எரிபொருளிலும் ஓடும் வண்டியில் பெட்ரோல் பக்கம் கேட்பாரற்றுப் போகும். மாதக்கணக்கில் தொடாத ரப்பர் குழாய் காய்ந்து வெடித்துக் கிடக்கும். கிட் போட்ட வண்டி வைத்திருப்பவர்கள் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பதோடு பானெட்டைத் திறந்து அந்தக் குழாயையும் பார்க்க வேண்டும்.

பழைய சிஎன்ஜி கார் வாங்குபவர் கேட்க வேண்டியது மைலேஜை மட்டுமல்ல. தகட்டிலுள்ள எண்ணும் சிலிண்டரில் பொறித்த எண்ணும் ஒன்றா? டெஸ்ட் சான்றிதழ் அந்த எண்ணுக்குத்தான் தந்ததா? டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், சிலிண்டரை இறுக்கிப் பிடிக்கும் பட்டைக்கு அடியில் பழுப்பு நிறம் தெரிகிறதா? ஈரம் தங்குவது அங்கேதான். சோதனையில் தோற்ற சிலிண்டரை என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் இந்திய எரிவாயு சிலிண்டர் விதிகள் வழி சொல்கின்றன. பொறித்திருக்கும் வெற்று எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தாலும் தோற்றதாகவே கணக்கு. அந்த 5 சதவீதம் துருவாகப் போன எஃகு. அப்படிப்பட்ட சிலிண்டரை நசுக்கிவிட வேண்டும், அல்லது துண்டுகளாக வெட்டிவிட வேண்டும். வெட்டுவதிலும் ஒரு நிபந்தனை: அந்தத் துண்டுகளை வெல்டிங் வைத்தோ வேறு எப்படியோ ஒட்டி மறுபடி சிலிண்டராக்க முடியாதபடி வெட்ட வேண்டும். விதியை எழுதியவர் நம் பழைய இரும்புக் கடைகளை நன்றாக அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.